அல்ட்ராசோனிக் கிளீனரில் மூலிகை முடி எண்ணெய் ஊறவைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம், வெள்ளக்கோயில் பக்கத்துக் கொப்பரைக் களங்களும், ஊருக்கு நாலு மரச்செக்கும் இருக்கிற சீமையில் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அதில் கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி, வெட்டிவேர் போட்டு மூன்று நாலு வாரம் வெயிலில் வைத்து எடுப்பது பழைய வழக்கம். அந்த வாரக்கணக்கை ஒரு நாளாகச் சுருக்கலாம் என்று இப்போது பலர் அல்ட்ராசோனிக் கிளீனர் வாங்கிவிட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி கழுவுவதும், கோவை நகைப் பட்டறைகளில் வளையல் இடுக்கு அழுக்கை எடுப்பதும் அதே மெஷின்தான். வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

இந்த மெஷின் எண்ணெய்க்குள் என்னதான் செய்கிறது?

தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்டியூசர், அதாவது கரண்டை அதிர்வாக மாற்றும் வில்லை, நொடிக்கு 40 ஆயிரம் முறை அதிர்கிறது. பெரும்பாலான சிறிய மெஷின்களின் அளவு இந்த 40 கிலோஹெர்ட்ஸ்தான். அந்த அதிர்வில் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் உருவாகி உடனே நொறுங்குகின்றன. நொறுங்கும் இடத்தில் கிளம்பும் சின்னஞ்சிறு வீச்சுதான் கண்ணாடி அழுக்கைப் பெயர்க்கிறது. எண்ணெய் பாட்டிலைத் தண்ணீரில் இறக்கினால் அதிர்வு கண்ணாடிச் சுவரைக் கடந்து உள்ளே போகும். இலைத் துணுக்கைச் சுற்றி நகராமல் நிற்கும் எண்ணெய்ப் படலத்தைக் கலைத்து, புது எண்ணெயை அங்கே கொண்டுவரும். இலைத் திசுவும் கொஞ்சம் கிழியும்.

எண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டி. ஆகவே பாட்டிலுக்குள் குமிழ் நொறுங்குவது தண்ணீரில் நடப்பதைவிடக் குறைவு. நடக்கும் வேலையில் பெரும்பங்கு கலக்கலும் கதகதப்பும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

அப்படியென்றால் வெறும் வெந்நீரில் பாட்டிலை வைத்தாலே போதாதா?

பாதி வேலைக்குப் போதும். சந்தேகம் இருந்தால் ஒரே அளவு எண்ணெய், ஒரே அளவு சரக்கு போட்டு இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்று மெஷினுக்குள், மற்றது அதே சூட்டில் இருக்கும் வெந்நீர்ப் போசிக்குள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். கறிவேப்பிலை போட்ட பாட்டில்களில் பச்சை நிறத்தின் ஆழம் வித்தியாசப்படும். வேம்பாளம் பட்டை போட்டிருந்தால் இரண்டும் ஒரே சிவப்பாகத்தான் இருக்கும். அந்தச் சாயம் சூடான எண்ணெயில் தானாகவே நிமிடக்கணக்கில் இறங்கிவிடும். மெஷின் வேலை செய்கிறதற்குச் சாட்சியாகச் சிவந்த பாட்டிலைக் காட்டும் வீடியோக்களை இதை நினைவில் வைத்துப் பாருங்கள்.

மெஷின் உண்மையில் கைகொடுப்பது வெட்டிவேர், கோரைக்கிழங்கு, பூலாங்கிழங்கு போன்ற கெட்டியான சரக்குகளுக்கு. அவற்றின் உள்ளே எண்ணெய் நுழைய நாள் பிடிக்கும். அங்கேதான் அதிர்வு நேரத்தை மிச்சம் பண்ணுகிறது.

ஏனுங்க, தோட்டத்துல பறிச்ச பச்சை இலையையே போட்டா என்ன?

அதிகம் கெடுவது இங்கேதான். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுப்பில் தைலம் காய்ச்சுபவர்கள் பச்சைச் சாற்றை ஊற்றித்தான் காய்ச்சுகிறார்கள். ஆனால் தண்ணீர் முழுக்க வற்றும்வரை அவர்கள் இறக்குவதில்லை. பதம் பார்க்கத் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துவார்கள். படபடவென்று வெடித்தால் ஈரம் இருக்கிறது. சத்தமில்லாமல் நின்று எரிந்தால் பதம் வந்துவிட்டது. மெஷினில் 45 டிகிரி சூட்டில், மூடிய பாட்டிலில், தண்ணீர் வற்ற வழியே இல்லை. இலையில் இருக்கும் ஈரம் முழுக்க எண்ணெய்க்குள் போய் உட்காரும்.

வெயிலில் ஊறவைக்கும் எண்ணெயில் அந்த ஈரம் மெதுவாக அடியில் தங்கும். மேலாக வடித்துத் தப்பித்துக்கொள்ளலாம். மெஷின் அதற்கும் விடாது. அதிர்வு தண்ணீரைப் பொடிப்பொடித் துளிகளாக்கி எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் பால் கலந்ததுபோல மங்கும்; நாள்கணக்கில் வைத்தாலும் தெளியாது. தேங்காய் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. காற்றில் கெடுவதைத் தாங்கும் எண்ணெய் அது. ஈரத்தை மட்டும் அது தாங்காது. தண்ணீர் சேர்ந்தால் கொழுப்பு உடைந்து அமிலம் பிரியும், பூஞ்சையும் பிடிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் சோப்பு மாதிரி ஒரு வாடை, அதற்குப் பின் சிக்கு வாசம்.

எனவே மெஷினில் ஊறவைக்கப் போகிற எதுவும் சருகாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை இலைதான் வேண்டும் என்றால் அடுப்பே சரி, மெஷினை விட்டுவிடுங்கள்.

சருகாகக் காய்ந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது?

கறிவேப்பிலையை நிழலில் பரப்பினால் நாலைந்து நாளில் கையில் நொறுங்கும். எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கும். கரிசலாங்கண்ணி ஏமாற்றும், இலை நொறுங்கும்போதும் தண்டுக்குள் ஈரம் நிற்கும். தண்டை ஒடித்தால் 'டப்' என்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் இரண்டு நாள்.

நம்பகமான சோதனை ஒன்று உண்டு. காய்ந்த இலையை ஒரு கைப்பிடி எடுத்துச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். பிறகு நிழலுக்குக் கொண்டுவந்து பாட்டிலின் உட்சுவரைப் பாருங்கள். மூடிக்குக் கீழே கழுத்துப் பகுதியில் லேசான ஆவிப்படலம் தெரிந்தால் இலை இன்னும் ஆகவில்லை. விரலால் தொட்டால் ஈரம் ஒட்டும். ஒன்றும் படியாவிட்டால் எண்ணெயில் போடலாம்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது இலை சீக்கிரம் காயும், கூடவே புழுதியும் வந்து சேரும். மெல்லிய துணி மூடிக் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிழல் உலர்த்தலை நம்ப வேண்டாம். 45 முதல் 50 டிகிரியில் ஓவனிலோ டிரையரிலோ காயவைப்பதுதான் வழி. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொட்டலமும் மழைக்காலத்தில் நமத்திருக்கும். பாட்டில் சோதனை அதற்கும் பொருந்தும்.

எந்த அளவு மெஷின் வாங்க வேண்டும்?

600 மில்லித் தொட்டி உள்ள சின்ன மெஷின்கள் கண்ணாடியும் கம்மலும் கழுவுவதற்கு. அதில் ஒரு 100 மில்லி பாட்டில் படுக்கத்தான் செய்யும், நிற்காது. டைமர் பெரும்பாலும் 8 நிமிடத்தோடு முடிந்துவிடும், ஹீட்டர் இருக்காது. சோதித்துப் பார்க்க ஆகும், வீட்டுத் தேவைக்கு ஆகாது.

2 லிட்டர் தொட்டி, 40 கிலோஹெர்ட்ஸ், 60 வாட் அதிர்வு, தனி ஹீட்டர், 30 நிமிட டைமர், கூடவே ஒரு கம்பிக்கூடை. இந்த வகை போதும். 200 மில்லி பாட்டில் இரண்டு நிற்கும். மூன்று பின் பிளக் இருக்கிறதா, வீட்டு எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற சாமான் இது.

நகைப் பட்டறையில் ஓடிய பழைய மெஷின் விலை குறைவாகக் கிடைக்கும். பாலிஷ் கறையும் ரசாயனமும் கண்ட தொட்டி அது. வாங்கினால் சோப்புத் தண்ணீரில் மூன்று நாலு முறை ஓட்டிக் கழுவி, பாட்டிலை இறுக மூடித்தான் இறக்க வேண்டும். அதைவிட வாங்காமல் இருப்பது உத்தமம்.

வாங்கிய மெஷின் அசல் அல்ட்ராசோனிக்தானா? வெறும் மோட்டார் அதிர்வா?

சமையலறை அலுமினிய ஃபாயிலே சொல்லிவிடும். தொட்டியில் கோடு வரை தண்ணீர் ஊற்றி, கையகல ஃபாயிலைச் செங்குத்தாகப் பிடித்து அடியில் படாமல் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அசலாக இருந்தால் ஃபாயிலில் குண்டூசி ஓட்டைகளும் சுருக்கமும் விழும். மோட்டார் பொம்மையாக இருந்தால் ஃபாயில் போட்டபடியே வரும்.

அந்த ஃபாயிலை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஓட்டைகள் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை என்று பட்டைபட்டையாக விழுந்திருக்கும். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் தண்ணீரில் 37 மில்லிமீட்டர் அளவு. அதில் பாதிக்கு ஒருமுறை வீச்சு உச்சம் அடைகிறது. ஓட்டத்துக்கு நடுவே பாட்டிலைக் கொஞ்சம் திருப்பி, இடம் மாற்றி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எண்ணெயை நேராகத் தொட்டியிலேயே ஊற்றிவிடலாமா?

கூடாது. மெஷின் தண்ணீருக்காக வடிவமைத்தது. கெட்டியான எண்ணெயில் டிரான்ஸ்டியூசர் தேவையில்லாமல் சூடாகும். தொட்டி உலோகத்தின் நுண்துகளும் எண்ணெயில் சேரலாம். திறந்த எண்ணெயில் காற்றும் கலந்து சீக்கிரம் கெடும். எப்போதும் பாட்டிலுக்குள் எண்ணெய், பாட்டிலைச் சுற்றித் தண்ணீர்.

பாட்டிலைத் தொட்டியின் அடித்தகட்டில் நேராக வைப்பதும் தவறு. தகடு தேயும், அதிர்வு தடைபடும். கம்பிக்கூடையில் வையுங்கள், கூடை இல்லையென்றால் கழுத்தில் சணல் கயிறு கட்டித் தொங்கவிடலாம். கனமான கண்ணாடிதான் வேண்டும், கீறலோ விரிசலோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். மெத்தென்ற பிளாஸ்டிக்கும் சிலிக்கான் உறையும் அதிர்வைத் தின்றுவிடும்.

அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

200 மில்லி செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு 20 கிராம் காய்ந்த சரக்கு. அதில் கறிவேப்பிலை 8 கிராம், கரிசலாங்கண்ணி 6, வெட்டிவேர் 4, வேம்பாளம் பட்டை 2. வேம்பாளத்தைக் கூட்டினால் தலையணை உறை சிவக்கும், வேறு லாபமில்லை.

எண்ணெய் தெளிந்ததாக இருக்க வேண்டும். அன்றைக்கு ஆட்டிய எண்ணெயில் கசண்டும் கொஞ்சம் ஈரமும் இருக்கும். ஒரு வாரம் அசையாமல் வைத்து மேலாக எடுங்கள். கந்தகப் புகை போட்ட கொப்பரையில் ஆட்டியது என்றால் மூக்கே சொல்லும். அந்த வாடையை எந்த மூலிகையும் மறைக்காது.

சரக்கை மிக்ஸியில் ரவைப் பதத்துக்குப் பொடியுங்கள். மாவாக்கினால் அதிக நிறம் இறங்கும், ஆனால் வடிகட்டும்போது துணி அடைத்துக்கொள்ளும். அடியில் சேறு தங்கும். வெட்டிவேரை மிக்ஸி நாராகத்தான் ஆக்கும். கத்தரிக்கோலால் அரை சென்டிமீட்டருக்கு நறுக்கிவிட்டால் போதும்.

துடைத்துக் காயவைத்த 250 மில்லி வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலில் பொடியைப் போட்டு எண்ணெய் ஊற்றுங்கள். மேலே இரண்டு விரற்கடை காலி இருக்கட்டும். தொட்டியில் 40 டிகிரித் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் மட்டம் பாட்டிலுக்குள் இருக்கும் எண்ணெய் மட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், மூடியைத் தொடக்கூடாது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் அதிர்வு நன்றாகப் பரவும். பாட்டில் இல்லாமல் 5 நிமிடம் மெஷினை ஓட்டித் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். காற்று இருந்தால் அதிர்வு மந்தமாகும்.

இப்போது பாட்டிலை இறக்கி முதல் ஓட்டம் 15 நிமிடம், மூடி தளர்வாக. பொடிக்குள் அடைந்திருந்த காற்று சிறு குமிழாக மேலே வரும். பிறகு மூடியை இறுக்கி, எடுத்துத் துடைத்து, பத்து முறை குலுக்குங்கள். பொடி அடியில் போய்ப் படிந்துவிட்டால் அதிர்வு மேல் எண்ணெயைத்தான் கலக்கும். அதனால் குலுக்காமல் ஓட்டுவது வீண். மெஷினுக்கும் 10 நிமிடம் ஓய்வு வேண்டும். இப்படியே மொத்தம் நாலு ஓட்டம். கெட்டிச் சரக்கு அதிகம் என்றால் ஆறு. அதற்கு மேல் ஓட்டுவதில் பலன் குறைவு, கரண்டுச் செலவு மட்டும் கூடும்.

நாலாவது ஓட்டம் முடிந்ததும் பாட்டிலை இரவு முழுக்க இருட்டில் வையுங்கள். மறுநாள் லேசாகச் சூடேற்றி, நாலு மடிப்பு வேட்டித் துணியில் வடியுங்கள். கடைசிச் சொட்டுக்காக முறுக்கிப் பிழிய வேண்டாம். பொடி வெளியே வந்துவிடும். 200 மில்லியில் 165 முதல் 170 மில்லி கிடைக்கும், மீதி சரக்கில் நின்றுவிடும். வடித்ததை இரண்டு நாள் அசையாமல் வைத்து, தெளிந்த பகுதியை மட்டும் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

சூடு எவ்வளவு இருக்கலாம்?

40 முதல் 50 டிகிரி. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உறையும். மார்கழி, தை மாதத்தில் வெள்ளென எழுந்து ஓட்டினால் பாட்டில் வெள்ளைக் கட்டியாக இருக்கும். முதலில் இளக வைத்துவிட்டு ஓட்டுங்கள். கெட்டியான எண்ணெயில் அதிர்வு நுழையாது. 60 டிகிரியைத் தாண்டினால் வெட்டிவேரின் மணம் மூடி வழியாகக் கிளம்பிப் போகும். ஹீட்டரை 45-இல் வைத்தாலும் அதிர்வே தண்ணீரைச் சில டிகிரி ஏற்றும். ஆகவே 40-இல் அமர்த்துவது கணக்கு.

எந்தச் சரக்கு எண்ணெயில் இறங்கும், எது இறங்காது?

பச்சையமும் வாசனை எண்ணெய்களும் வேம்பாளத்தின் சிவப்பும் இறங்கும். வெந்தயத்தின் வழவழப்பும் செம்பருத்தியின் கொழகொழப்பும் தண்ணீரில் கரைகிற சமாச்சாரம். எண்ணெயில் எத்தனை மணி நேரம் அதிர வைத்தாலும் வராது. அவற்றை அரைத்துத் தலையில் பூசிக் குளிப்பதே பயன். நெல்லிக்காயின் வைட்டமின் சி-யும் அப்படித்தான். மருதாணியின் சாயம் எண்ணெயில் அதிகம் கரையாது. நரைக்குச் சாயம் வேண்டும் என்பவர்கள் தண்ணீரில் குழைத்துப் போடுவதே சரி. பதினெட்டு மூலிகை, இருபத்தியெட்டு மூலிகை என்று பட்டியல் நீளும் எண்ணெய்களில் பாதிச் சரக்கு சக்கையோடு வெளியே போய்விடுகிறது.

ரோஸ்மேரி போன்ற வாசனைத் தைலம் சேர்ப்பதாக இருந்தால் எல்லாம் முடிந்து எண்ணெய் ஆறிய பிறகு. 200 மில்லிக்கு 2 மில்லி, அதாவது சுமார் 40 சொட்டு, உச்ச வரம்பு. புது எண்ணெயை முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் தலைக்கு வேண்டாம்.

நல்லெண்ணெய், விளக்கெண்ணெய்க்கும் இதே முறையா?

நல்லெண்ணெய்க்குச் செய்யலாம், சூட்டை 40-க்கு மேல் ஏற்றாமல். விளக்கெண்ணெய் மிகக் கெட்டி; அதிர்வு பாட்டில் சுவரோரத்திலேயே அடங்கிவிடும். வேண்டுமானால் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வடித்துவிட்டு, பிறகு அதில் பத்தில் ஒரு பங்கு விளக்கெண்ணெய் கலந்துகொள்ளுங்கள். சூரியகாந்தி எண்ணெய் வேண்டவே வேண்டாம். அல்ட்ராசவுண்ட் பட்டால் அதில் உலோகம் மாதிரி ஒரு வாடை கிளம்பும்.

எண்ணெய் கலங்கலாக இருக்கிறது. கெட்டுவிட்டதா?

மூன்றில் ஒரு காரணம். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி வையுங்கள். தெளிந்தால் குளிரில் உறைந்தது, குற்றம் எதுவுமில்லை. தெளியாமல், இரண்டு நாளில் அடியில் பச்சைச் சேறாக இறங்கினால் அது பொடி, மேலாக மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டுமில்லாமல் மங்கலாகவே நின்றால் ஈரம். உறுதிப்படுத்த, அடி எண்ணெய் ஒரு ஸ்பூன் எடுத்துச் சூடான இரும்புச் சட்டியில் விடுங்கள். சடசடவென்று தெறித்தால் தண்ணீர் இருக்கிறது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஈரம் என்று உடனே தெரிந்தால் காப்பாற்றலாம். அகலப் பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில், சத்தமும் நுரையும் அடங்கும்வரை சூடேற்றினால் தண்ணீர் போய்விடும். கொஞ்சம் மணமும் அதோடு போகும். சிக்கு வாசம் வந்த பிறகு சூடேற்றிப் பயனில்லை. அதைக் கதவுக் கீலுக்கு விட்டுக்கொள்ளலாம்.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

ஈரமில்லாமல் செய்து, பழுப்புப் பாட்டிலில், வெளிச்சம் படாத அட்டாலியில் வைத்தால் மூன்று நாலு மாதம் தாராளமாக. பச்சையம் இறங்கிய எண்ணெய் வெளிச்சத்தில் வெறும் எண்ணெயைவிட வேகமாகக் கெடும். குளியலறை ஜன்னலோரம் கண்ணாடிப் பாட்டிலில் அழகாக வைப்பது அதற்கு எமன். ஈரக்கையால் தொடாமல், வாரத்துக்கு வேண்டியதைச் சின்னப் பாட்டிலில் ஊற்றிப் புழங்குங்கள்.

ஓடும்போது கீச்சென்று சத்தம் வருகிறது. நாய் கத்துகிறது.

40 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காதுக்குக் கேட்காது. 20-க்கு மேல் நமக்கு எட்டாது. கேட்கிற கீச்சொலி குமிழ் நொறுங்குவதன் துணைச்சத்தம். மூடியை மூடி ஓட்டுங்கள், பக்கத்திலேயே உட்கார வேண்டாம். நாய்க்கு ஏறக்குறைய 45 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், பூனைக்கு அதற்கும் மேலே. அவற்றை வேறு அறைக்கு விரட்டிவிட்டு ஓட்டுவது நியாயம். ஓடும் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்க்கும் ஆசை குழந்தைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் வரும். விடாதீர்கள், எலும்பு வரை குத்தும்.

தொட்டியில் எந்தத் தண்ணீர்?

சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடுகளுக்குக் கவலையில்லை. பல்லடம், காங்கேயம் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பு. சூடேற ஏற வெள்ளைப் படிவு தொட்டியில் ஒட்டும், அதிர்வு குறையும். ஆர்ஓ தண்ணீரோ பேட்டரித் தண்ணீரோ ஊற்றுங்கள். படிவு ஏற்கெனவே இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வினிகர் விட்டு 10 நிமிடம் ஓட்டிக் கழுவலாம். தண்ணீர் இல்லாமல் மெஷினை ஓட்டவே கூடாது. நிமிடக்கணக்கில் டிரான்ஸ்டியூசர் போய்விடும். ஸ்பிரிட், பெட்ரோல், தின்னர் போன்றவையும் தொட்டிக்குள் வரக்கூடாது, தீப்பிடிக்கும்.

இணையத்தில் இந்த முறையை இ-சிகரெட் திரவத்துக்குத்தானே சொல்கிறார்கள்?

ஆமாம், வெளிநாடுகளில் வீட்டில் கலக்கும் இ-சிகரெட் திரவத்தைச் சீக்கிரம் பக்குவப்படுத்த இதே மெஷினைப் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, விளம்பரம், இருப்பு எல்லாம் தடை. முதல் முறை தயாரித்தோ விற்றோ சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விழலாம். செறிவான நிகோடின் தோலில் பட்டாலே உடலுக்குள் இறங்கும் விஷம் என்பது வேறு. அந்த வேலைக்கு இங்கே குறிப்பு கிடையாது.

இந்த எண்ணெயில் முடி வளருமா? பாட்டிலில் போட்டு விற்கலாமா?

தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் போவதைக் குறைக்கும். முடி உடைவது குறையும். வழுக்கையில் முளைக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. மெஷினில் ஊறவைத்ததால் கூடுதல் சக்தி வந்துவிடாது, நேரம்தான் மிச்சம்.

விற்பதற்கு உரிமம் வேண்டும். அழகுசாதனம் என்றால் 2020-ஆம் ஆண்டின் காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்கீழ் தயாரிப்பு உரிமம். சித்த, ஆயுர்வேத மருந்து என்று சொன்னால் ஆயுஷ் வழி உரிமம். வழுக்கையைக் குணமாக்கும் என்று மருந்துகளில் எழுதுவதை மருந்து விதிகளின் அட்டவணை 'ஜே' தடுக்கிறது. சொந்தக்காரருக்கு ஒரு பாட்டில் கொடுப்பது வேறு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பது வேறு.

மிஞ்சிய சக்கையை என்ன செய்வது?

இரண்டாவது முறை புது எண்ணெய் ஊற்றி ஓட்டினால் வெளிறிய பச்சைதான் வரும். வெட்டிவேர் மட்டும் இன்னொரு முறை கொஞ்சம் மணம் கொடுக்கும். மற்றதைச் சீயக்காயோடு அரைத்துக்கொள்ளலாம், அல்லது உரக்குழிக்கு. துணியையும் பாட்டிலையும் வெந்நீரில் கழுவும்போது எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். மார்கழிக் குளிரில் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். பழைய தாளில் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.